விரைவின் விலை: மோட்டார்க் கார்ப் பூச்சின் நலிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஓடித் திரியும் ஒஸ்ரின், மொறிஸ் வகைக் கார்களை அறியாதார் நம்மிடையே இலர். நெடுங்காலமாக மறுபூச்சுக் காணாத அத்தகைய கார் ஒன்றினை அணுகி நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் அவதானிக்கலாம். அதன் மேற்கூரை ஒளியிழந்து வெளிறிக் கிடக்கும்; கையினால் தடவினால் சுண்ணாம்புத் தூள் போன்ற பொடி விரல்களில் ஒட்டும். ஆயின், அதே காரின் டிக்கி மூடியைத் திறந்து உட்புறத்தை நோக்கினால், அங்கே பூசப்பட்ட வண்ணம் பெரிதும் பழைய பொலிவுடனேயே விளங்கும். ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில், ஒரே பூச்சினாற் பூசப்பட்ட இரு பரப்புகளுள் ஒன்று முதுமை எய்த, மற்றது இளமையுடன் நிற்பது ஏன்?

“வெயில்தான் காரணம்” என்பது எவரும் கூறக்கூடிய விடை. அது தவறான விடையன்று. ஆனால் முழுமையான விடையுமன்று. ஒரே முற்றத்தில் ஒரே வெயிலைத் தாங்கி நிற்கும் வெவ்வேறு காலத்துக் கார்கள் ஒரே வகையில் நலிவதில்லை. ஒன்று மாப்போலப் பொடிகிறது. ஒன்று வயல்நிலம்போல வெடிக்கிறது. பிறிதொன்று பாம்பு சட்டை உரிப்பதுபோல உரிகிறது. வெயில் ஒன்றாயிருக்க விளைவுகள் வேறுபடுவதற்கான காரணத்தை வானத்திலன்றித் தொழிற்சாலையிலேயே தேடுதல் வேண்டும். ஒவ்வொரு காலத்திலும் கார் உற்பத்தியாளர் எத்தகைய பூச்சினைத் தெரிந்தெடுத்தனர், எத்தேவை கருதித் தெரிந்தெடுத்தனர் என்பதே அதன் பிற்கால நலிவின் வகையையும் நிர்ணயித்தது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சின் இயல்பும் நலிவின் இயல்பும்

வரலாற்றினுட் புகுமுன் பூச்சின் அமைப்பினைச் சுருக்கமாக நோக்குதல் தகும். எந்தப் பூச்சிலும் அடிப்படையாக மூன்று கூறுகள் உள. நிறத்தைத் தருவது நிறப்பொருள். அந்நிறத் துகள்களைப் பிணைத்து உலோகத்தில் ஒட்டச் செய்வது பிசின். பூசுவதற்கு வசதியாக இவற்றை இளக்கிவைத்துப் பின்னர் ஆவியாகிச் செல்வது கரைப்பான். இவற்றுடன், பூச்சுப் படலம் நொறுங்காது வளைந்து கொடுப்பதற்கென நெகிழ்வூட்டும் பொருள்களும் சிலவற்றிற் சேர்க்கப்படும்.

சூரிய ஒளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் பிசினின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை அறுக்கின்றன. அறுந்த இடங்களில் வளியிலுள்ள ஒட்சிசன் சேர்கின்றது. இவ்வாறு மேற்பரப்பிலுள்ள பிசின் சிறிது சிறிதாக அழிய, அதுவரை அதனாற் பிணிக்கப்பட்டிருந்த நிறத்துகள்கள் விடுபட்டுப் பொடியாகின்றன. வழுவழுப்பாயிருந்த மேற்பரப்புக் கரடாகி ஒளியைப் பலதிசையிலும் சிதறச் செய்வதே நாம் காணும் மங்கல். ஈரமும் தன் பங்கினை ஆற்றுகின்றது. எந்தப் பூச்சும் நீராவியை முற்றாகத் தடுப்பதில்லை. பூச்சின் அடியில் உப்புத் துகள்கள் சிக்கியிருப்பின் அவை ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கும். இரும்பு துருவாகும்போது கனவளவிற் பெருகுவதால் பூச்சினைக் கீழிருந்து தூக்கிவிடும். பகல் வெம்மையில் விரிந்து இரவிற் சுருங்கும் உலோகத்துடன் சேர்ந்து அசைய முடியாத இறுகிய படலம் ஈற்றில் வெடிக்கும்.

பொடிந்த படையைத் தேய்த்து நீக்கினால் கீழிருக்கும் புதிய படை பளபளக்கும் என்பது உண்மையே. ஆயினும் இக்காலக் கார் ஒன்றின் பூச்சுப் படைகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பே உடையன. ஆகவே ஒவ்வொரு மெருகேற்றமும் இருப்பிலிருந்து எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பானது.

வண்டிகளின் மரபு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முதன்முதல் ஆக்கப்பட்ட மோட்டார்க் கார்கள் குதிரை வண்டி கட்டுவோரின் கைத்தொழில் மரபில் வந்தவை. ஆளிவிதை எண்ணெயும் இயற்கைப் பிசின்களும் கொண்ட வார்னிஷ் பூச்சுகள் தூரிகையினாற் படைபடையாகப் பூசப்பட்டன. ஒவ்வொரு படையும் உலர்ந்த பின் நுரைக்கல்லினாற் தேய்த்து ஒப்பமாக்கப்பட்டது. ஒரு காரைப் பூசி முடிக்க வாரக்கணக்கிற் காலம் சென்றது.

இவ்வகைப் பூச்சு கரைப்பான் ஆவியாவதால் மட்டும் உலர்வதன்று. எண்ணெய் வளியிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவதாலேயே அது உலர்கின்றது. ஆயின் “உலர்ந்தது போதும்” என்று ஒரு நாளில் அத்தாக்கம் நின்றுவிடுவதில்லை. ஆண்டாண்டாகத் தொடர்ந்து, படலத்தை மஞ்சளாக்கி, இறுக்கி, நொறுங்கச் செய்கின்றது. பூச்சினைப் பிறப்பித்த தாக்கமே அதனை முதுமையுறவும் செய்தது. அக்காலத்துச் செல்வர் இதனை ஒரு குறையாகக் கருதவில்லை. வண்டியைக் கொட்டகையில் நிறுத்துவதும் காலத்துக்குக் காலம் மீண்டும் வார்னிஷ் பூசுவிப்பதும் அவர்தம் வாழ்க்கை முறையின் பகுதியாயிருந்தன.

கறுப்பின் ஆட்சி

இந்நிலையை மாற்றியது பேருற்பத்தி. 1908ஆம் ஆண்டிலே போர்ட் நிறுவனம் மொடல் ரி காரை அறிமுகஞ் செய்தது. 1913இல் ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் அசையும் ஒன்றுகூட்டல் தொடர் ஏற்பட்டதன் பின், முன்னர் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அடிச்சட்ட ஒன்றுகூட்டல் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. ஒன்றரை மணித்தியாலத்திற் பொருத்தப்படும் ஒரு பொருளை வாரக்கணக்கில் உலரவிட எங்ஙனம் இடங்காண்பது? ஆயிரக்கணக்கான கார்களைத் தூசி படாது நிறுத்திவைக்கக் கூரை வேண்டும். நிறுத்திவைக்கப்படும் ஒவ்வொரு காரும் முடங்கிக்கிடக்கும் முதலாகும்.

முதலாண்டுகளிற் பல நிறங்களிற் கிடைத்த மொடல் ரி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. இதனை ஹென்றி போர்ட்டின் பிடிவாதமாகச் சித்திரிப்பது பொதுவழக்கு. உண்மையில் இது சிக்கனத்தின்பாற்பட்டது. நிலக்கீல் வகைப் பொருளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த கருநிறப் பூச்சு மலிவானது; உறுதியானது. சேற்றுக்காப்பு போன்ற உலோகப் பகுதிகளை அப்பூச்சில் அமிழ்த்திச் சூளையிற் சுட்டு விரைவில் இறுக்க முடிந்தது. மரச்சட்டங்கொண்ட உடற்பகுதியை அவ்வாறு கடுஞ்சூட்டில் இடமுடியாமையால், அதற்கு வேறு பூச்சுகள் பயன்பட்டன. ஒரே கறுப்பாகத் தோன்றிய காரில் உண்மையிற் பலவகைக் கறுப்புகள் இருந்தன என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. கரிய நிறப்பொருள் ஒளியைத் தானே உறிஞ்சிப் பிசினுக்குக் குடைபிடிப்பது. எனவே மலிவு கருதித் தெரியப்பட்ட இந்நிறம் நீடித்துழைப்பதாகவும் அமைந்தமை வரலாற்றின் ஒரு நற்செயலாகும்.

வெடிமருந்திலிருந்து வண்ணம்

நிறமும் விரைவும் ஒருங்கே கிடைக்க வழிசெய்தது முதலாம் உலகப் போரின் எச்சமாகும். போர்க்காலத்திற் புகையற்ற வெடிமருந்துக்கென நைத்திரோசெலுலோசு பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டது. 1918இற் போர் முடிந்தபோது டூபொன்ட் போன்ற நிறுவனங்கள் தம் பெரும் ஆற்றலுக்கு வேறு பயன்களைத் தேட வேண்டியிருந்தது. நைத்திரோசெலுலோசுப் பூச்சுகள் முன்னரே அறியப்பட்டவையாயினும், அவை மிகத் தடித்த கரைசல்களாதலால் நிறப்பொருளைப் போதியளவு ஏந்தவில்லை. 1920இல் நியூ ஜேர்சி மாநிலத்துப் பார்லின் என்னுமிடத்திலிருந்த டூபொன்ட் ஆய்வுகூடத்தில், நீர்மையான ஆனால் செறிந்த கரைசலைப் பெறும் முறை தற்செயலாகக் கண்டறியப்பட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுடன் இணைந்து செப்பனிடப்பட்ட இப்பூச்சு 1923இல் “டூக்கோ” என்னும் பெயருடன் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் ஓக்லன்ட் என்னும் 1924ஆம் ஆண்டுக் கார் நீல நிறத்திற் பூசப்பட்டு விற்பனைக்கு வந்தது.

வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. தூரிகையின் இடத்தைத் தெளிதுப்பாக்கி பெற்றது. தலைமுறைகளாக வளர்ந்த வண்டிப் பூச்சாளரின் கைத்திறன் சந்தையில் மதிப்பிழந்தது. 1927இல் ஜெனரல் மோட்டோர்ஸ், ஹார்லி ஏர்ள் என்பாரின் தலைமையிற் கலைக்கும் வண்ணத்துக்குமெனத் தனிப்பிரிவு ஒன்றினையே நிறுவியது. நிறம் காரை விற்கும் கருவியாயிற்று. அதே ஆண்டில் மொடல் ரியின் உற்பத்தி நின்றுபோனமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

ஆயினும் விரைவாக உலர்ந்த இப்பூச்சு விரைவின் விலையையும் உடன்கொணர்ந்தது. நைத்திரோசெலுலோசை வெடிமருந்தாக்கிய அதே உறுதியின்மை பூச்சிலும் உறைந்து கிடந்தது. ஒளியாலும் வெப்பத்தாலும் அதன் நைத்திரேற்றுக் கூட்டங்கள் பிரிந்து நைத்திரசன் ஒட்சைட்டுகளை வெளிவிடுகின்றன. அவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. பழைய திரைப்படச் சுருள்கள் பல மஞ்சளாகி, ஒட்டி, பொடியாகி அழிந்தமைக்கும் இதுவே காரணம். அவையும் நைத்திரோசெலுலோசினால் ஆனவையே. மேலும், இப்பூச்சின் மூலக்கூறுகள் தம்முட் குறுக்கே பிணைந்து வலையாவதில்லை. கரைப்பான் நீங்கியதும் கிடந்தவாறே கிடக்கின்றன. நெகிழ்வூட்டும் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியேறிவிட, படலம் சுருங்கி நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. 1920களின் பிற்பகுதி தொட்டு இப்பூச்சினைப் பெற்ற கார்களில் நாம் காணும் வலைபோன்ற வெடிப்பின் வரலாறு இதுவாகும்.

சுட்ட எனாமலும் நிறங்களின் விதியும்

1930களில் அல்கைட்டு என்னும் செயற்கைப் பிசின்கள் பரவின. எண்ணெயின் குணத்தையும் செயற்கைப் பிசினின் உறுதியையும் இணைத்த இவ்வெனாமல்கள் சூளையிற் சுடப்பட்டன. மெருகேற்றாமலே பளபளத்தமையால் தேய்க்கும் கூலி மிச்சமாயிற்று. போர்ட் முதலிய நிறுவனங்கள் இவற்றைப் பெரிதும் கைக்கொண்டன. ஆனால் எண்ணெயின் கூறு உள்ளே இருந்தமையால், வார்னிஷின் பழைய நோயாகிய ஓயாத ஒட்சியேற்றமும் உள்ளேயே இருந்தது. ஆண்டுகள் செல்ல மேற்பரப்பு வெளிறிப் பொடிந்தது.

இவ்விடத்து நிறப்பொருள்களின் பங்கினையும் கூறுதல் வேண்டும். வெள்ளைக் கார்கள் பொடிவதற்கு அவற்றின் நிறப்பொருளாகிய தைத்தேனியம் ஈரொட்சைட்டே ஓரளவு காரணமாகும். ஊதாக்கடந்த கதிர்கள் படும்போது அது ஊக்கியாகத் தொழிற்பட்டுத் தன்னைச் சூழ்ந்த பிசினைச் சிதைக்கின்றது. அனற்றேசு என்னும் பளிங்குருவில் இக்குணம் மிகுதி. 1940களிற் பரவத் தொடங்கிய உரூட்டைல் உருவிற் குறைவு. சிவப்பின் கதை வேறு. அக்காலச் சேதனச் சிவப்பு நிறப்பொருள்கள் பல ஒளிபட்டுத் தாமே சிதைந்து நிறமிழப்பவை. செந்நிறக் கார்கள் இளஞ்சிவப்பாக வெளிறியது இதனாலேயாகும். நீலத்துக்கு அத்துன்பம் முன்னரே நீங்கிவிட்டது. 1928இல் ஸ்கொட்லாந்தின் கிறேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையிற் தற்செயலாகக் காணப்பட்டு, 1935இற் சந்தைக்கு வந்த தலோசயனின் நீலம் ஒளிக்கு அசையாதது. சிவப்பு, ஊதா நிறங்களுக்கு அத்தகைய உறுதியை அளித்த குயினாக்கிரிடோன் நிறப்பொருள்கள் 1958இலேயே விற்பனைக்கு வந்தன. ஆகவே, காரின் நிறத்தைத் தெரிந்தெடுத்தவர் தாம் அறியாமலே அதன் ஆயுளையும் தெரிந்தெடுத்தார்.

1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் அக்கிரிலிக்குப் பூச்சுகளுக்கு மாறியது. இவை வெயிலில் எளிதில் மஞ்சளாகாதவை. அலுமினியச் சீவல்கள் மின்னும் உலோகச்சாயல் வண்ணங்களுக்கு மிக ஏற்றவை. ஆனால் ஒற்றைப் படையாகப் பூசப்பட்ட அவ்வண்ணங்களில், மேற்பரப்பிலுள்ள அலுமினியச் சீவல்களைக் காற்றிலுள்ள அமிலங்கள் தாக்கியபோது மின்னல் மங்கிச் சாம்பலாயிற்று.

கண்ணாடிப் படையும் நீதிமன்றமும்

இதுவரை பூச்சின் போக்கினை நிர்ணயித்தது தொழிற்சாலையின் கடிகாரம். 1960களிலிருந்து வேறொரு சக்தியும் சேர்ந்தது. கரைப்பான் ஆவிகள் நகரங்களின் காற்றை நஞ்சாக்குவது உணரப்பட்டது. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 1966இற் கரைப்பான்களைக் கட்டுப்படுத்தும் விதியொன்றை ஆக்கியது. 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வலுவாக்கப்பட்டது. கரைப்பான் மிகுந்த பழைய பூச்சுகளின் காலம் அத்துடன் சரியத் தொடங்கிற்று. இதே காலத்தில், உடற்பகுதியை நீர்க்கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டத்தால் அடிப்பூச்சினைப் படியச் செய்யும் முறை பரவித் துருவின் கொடுமையைப் பெரிதும் தணித்தது.

1970களிலும் 1980களிலும் நிறத்தை ஒரு படையாகவும், அதன்மேல் நிறமற்ற தெளிபடையொன்றையும் பூசும் முறை வழக்காயிற்று. கண்ணாடிபோன்ற ஆழ்ந்த பொலிவு இதனாற் கிடைத்தது. ஆயின் நிறப்பொருளின் நிழலை இழந்த தெளிபடை ஊதாக்கடந்த கதிர்களுக்குத் தன்னந்தனியாக முகங்கொடுத்தது. அதனைக் காக்கச் சேர்க்கப்படும் கதிருறிஞ்சும் பொருள்கள் காலப்போக்கிற் தீர்ந்துபோகின்றன. மேற்படைகளை ஊடுருவிய கதிர் மின்முறை அடிப்பூச்சின் எப்பொக்சிப் பிசினைத் தாக்கும். அது பொடிந்ததும், நலமாயிருந்த மேற்படைகள் பிடிமானமிழந்து தகடுதகடாக உரியும். இதனைத் தடுக்கவல்லது இடையிற் பூசப்படும் ஓர் இடைப்பூச்சு. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் உற்பத்தியான பல வாகனங்கள் சில ஆண்டுகளிலேயே இவ்வாறு உரிந்தன. இடைப்பூச்சினைக் கைவிட்டமையே காரணம் எனக் குற்றஞ்சாட்டிய உரிமையாளர் 1990களில் போர்ட் நிறுவனத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தனர். வெவ்வேறு மாநிலத்து வழக்குகள் லூயிசியானாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றிற் கூட்டப்பட்டன. எனினும் யாவரும் ஒரே வகுப்பினராக நின்று வழக்காட அம்மன்றம் இடமளிக்கவில்லை.

இவ்வழக்கின் முடிவிலும் பார்க்க அதன் தோற்றமே வரலாற்று மாணவனுக்கு முக்கியமானது. பூச்சு மங்கினால் அது கவனிப்பாரின் குற்றம் என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. கழுவவில்லை, மெழுகு பூசவில்லை, நிழலில் விடவில்லை என்று உரிமையாளனே பழியேற்றான். தொழிற்சாலையில் ஒரு படையைக் குறைக்கும் தீர்மானம், பல ஆண்டுகளின் பின் எங்கோ ஒரு முற்றத்திற் பூச்சாக உரிந்து விழலாம் என்ற எண்ணம் அன்றுதான் பொதுமன்றில் உரத்துச் சொல்லப்பட்டது.

நம்மவர் கையில்

நமது நாட்டில் இவ்வரலாறு வேறொரு திருப்பத்தைக் கண்டது. 1952 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ40 சோமசெற் போன்ற கார்கள் இங்கிலாந்தின் மங்கிய வெயிலுக்கெனப் பூசப்பட்டவை. அவை இங்கு ஆண்டு முழுவதும் எரிக்கும் கதிரவனையும் உப்புக் காற்றையும் எதிர்கொண்டன. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் புதிய கார்களின் வரவைத் தடுத்தன. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்ததைப் பேணுவதே வழியாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், வடக்கில் இக்கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. பிற நாடுகளிற் கழித்தொதுக்கப்பட்டவை இங்கு பட்டி வைத்துத் தேய்த்து மீண்டும் மீண்டும் பூசப்பட்டன.

இதனால் இக்கார்களின் தோல் ஒரு தொல்லியல் மேடு போன்றது. உப்புத்தாளால் ஓரிடத்தை மெல்லத் தேய்த்தால் நிறங்கள் வளையம் வளையமாகத் தோன்றும். ஒவ்வொரு வளையமும் ஒரு காலத்தின் கையிருப்பையும் விருப்பத்தையும் கூறும். மறுபூச்சுக்கென யாவற்றையும் சுரண்டி எறியும்போது ஒரு சான்றினையும் சேர்த்தே எறிகின்றோம்.

எறிபவரின் உடல்நலமும் இங்கு சிந்திக்கத்தக்கது. பழைய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பூச்சுகள் பலவற்றில் ஈயக் குரோமேற்றுச் சேர்ந்த நிறப்பொருள்கள் உண்டு. அவற்றை உலரத் தேய்க்கும்போது எழும் தூசி நஞ்சாகும். பிற்கால இருகூற்றுப் பூச்சுகளிலுள்ள ஐசோசயனேற்றுகளைச் சுவாசிப்போருக்குத் தொய்வு நோய் உண்டாகலாம். முகத்திற் துணியொன்றைக் கட்டியபடி பூச்சுத் தெளிக்கும் கராஜ் தொழிலாளிக்கு அத்துணி போதிய காப்பன்று. தொழிற்சாலை மிச்சப்படுத்திய நேரத்தின் விலையை இறுதியிற் செலுத்துபவன் அவனே.

எனவே, பழைய காரின் மங்கிய கூரை வெறும் வெயிலின் வேலையன்று. வாரங்களை மணித்தியாலங்களாக்கிய உற்பத்தி முறை அன்று பிற்போட்ட கடனை, வெயில் இன்று தவணை தவணையாக அறவிடுகின்றது. பூச்சு நலிவதைத் தடுக்க எவராலும் இயலாது. நிழலும் நீரும் மெழுகும் அதனைத் தாமதிக்கவே செய்யும். ஆயின் அந்நலிவினை வாசிக்க நம்மால் இயலும். அடுத்தமுறை வெளிறிய கார் ஒன்றினைக் காணும்போது, உரியவனைக் குறைகூறுமுன் அதன் டிக்கி மூடியைச் சற்றுத் திறந்து பார்ப்போமாக.